பெட்டியில் வைக்காமல் விட்ட கண்ணாடி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் பத்தாவதும் ஐ.டி.ஐ.யும் படித்தவன். வேலை ரிப்போர்ட்டைத் தவிர வேறு எதையும் இவ்வளவு நீளத்துக்கு எழுதியதில்லை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே பின்வரிசைக்கு நகர்ந்துவிடுவேன். அப்படிப்பட்டவன் தொழிலாளர் மலருக்குக் கட்டுரை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விருப்ப ஓய்வு வாங்கி ஒரு வருடம் ஆகிறது. ஆனாலும் பழைய டிபார்ட்மெண்டின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து என்னை யாரும் எடுக்கவில்லை. இப்போது கம்பெனி வெளிநாட்டில் ஒரு சர்வீஸ் கிளையே திறந்துவிட்டது. முன்பு நாங்கள் இரண்டு மாதம் மூன்று மாதம் என்று போய் வந்த இடங்களுக்கு இனி ஒரு வருடம், இரண்டு வருடம் என்று அனுப்பப் போகிறார்களாம். போன மாதம் குழுவில் ஒருவர், "மாதையன் அண்ணே, பெட்டியில என்ன வைக்கணும், அங்க என்ன வாங்கிக்கலாம்?" என்று கேட்டார். நான் "மிளகாய்த்தூள்" என்று மட்டும் போட்டேன். அதற்குக் கீழே நாற்பது கேள்விகள் வந்துவிட்டன. பதில் எழுதி எழுதி விரல் வலித்ததுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

எனக்கு ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமம். ஃபிட்டர் படித்து முடித்ததும் ஓசூரில் மெஷின் தயாரிக்கும் கம்பெனியில் அப்ரண்டிசாகச் சேர்ந்தேன். முதல் ஆறு வருடங்களைப் பற்றிச் சொல்ல அரமும் திட்டும்தான் இருக்கின்றன. பிறகு எரெக்ஷன் பிரிவுக்கு மாற்றினார்கள். விற்ற மெஷினை வாடிக்கையாளரின் தொழிற்சாலையில் நிறுத்தி, மட்டம் பார்த்து, அளந்து காட்டி, கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவது எங்கள் வேலை. கோயம்புத்தூர், புனே என்று ஆரம்பித்து வெளிநாடு வரை போனேன்.

எங்கள் இன்சார்ஜ் ரங்கப்பா சார். பாகலூர்ப் பக்கத்துக்காரர். வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், எங்களிடம் மூன்றும் கலந்த தமிழ். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூன்று கேள்வி கேட்பார், பதிலைக் கேட்டுவிட்டு மூக்கின் மேல் விரலை வைத்துக்கொள்வார். அந்த விரலுக்கு நாங்கள் பயப்பட்டோம்.

வெளிநாடு போகிறவன் கிளம்புவதற்கு முந்தின நாள் மூன்று மணி டீ முடிந்ததும் பெட்டியோடு டிஸ்பேட்ச் செக்ஷனுக்கு வந்துவிட வேண்டும். இது ரங்கப்பா சார் வைத்த சட்டம். ஸ்பேர் பார்ட்ஸ் எடை போடும் தராசுக்குப் பக்கத்தில் பழுப்புத் தாள் விரித்த மேசை இருக்கும். பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொருளாக அவரே வெளியே எடுப்பார். கையில் தூக்கிப் பார்ப்பார். பிறகு மூன்று வார்த்தைகளில் ஒன்றைச் சொல்வார். "போகட்டும்" என்றால் பெட்டிக்குள் திரும்பும். "அங்கே" என்றால் அந்த ஊரில் வாங்கிக்கொள்ள வேண்டும். "பேடா" என்றால் கன்னடத்தில் வேண்டாம், வீட்டுக்குத் திரும்பும். விமானத்தில் முப்பது கிலோ. அதில் டயல், மட்டம், ஸ்பேனர் என்று கருவிகளே பன்னிரண்டு கிலோவை விழுங்கிவிடும். மீதிப் பதினெட்டுக் கிலோவுக்குத்தான் இந்தப் பஞ்சாயத்து.

இதைப் பார்க்க செக்ஷனே கூடிவிடும். ஒருவன் ஜட்டி எத்தனை வைத்திருக்கிறான் என்பது வரை ஊருக்கே தெரிந்துவிடும். என்னைப் போன்ற கூச்சக்காரனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பாருங்கள்.

பத்துப் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, என்னையும் எலக்ட்ரீஷியன் பாஷாவையும் போலந்துக்கு அனுப்பினார்கள். இரண்டரை மாத வேலை. பாஷா கிருஷ்ணகிரிக்காரர். பெரிய குடும்பம், எல்லோரும் ஜவுளி வியாபாரம், இவர் ஒருவர்தான் ஸ்க்ரூ டிரைவர் பிடித்தவர். நான் அவரை பாய் என்பேன், அவர் என்னை மாது என்பார். எங்கள் இருவருக்கும் அப்போது நாற்பத்து மூன்று வயது.

முதலில் பாஷாவின் பெட்டி திறந்தது. மேலேயே ஒரு டப்பா நெய்.

"பேடா" என்றார் ரங்கப்பா சார்.

"சார், வீட்டுல ஆசையா உருக்கிக் குடுத்தாங்க சார்."

"பாலு, நெய்யி, கறி, ஒண்ணும் அந்த ஊருக்குள்ள விடமாட்டான்பா. ஏர்போர்ட்லயே புடுங்கிக் குப்பையில போடுவான்."

"அப்ப இத என்ன சார் பண்றது?"

"இங்கியே தின்னுட்டுப் போ."

அடுத்தது பெங்களூரில் வாங்கிய தடிமனான கோட்டு. தராசில் வைத்தார். இரண்டு கிலோ முந்நூறு கிராம் காட்டியது.

"ஏன்பா, அந்த ஊரு குளிரு எப்பிடின்னு பெங்களூருக் கடைக்காரனுக்கா தெரியும்? அங்கே. போய் எறங்குற வரைக்கும் ஒரு ஸ்வெட்டர் சாக்கு, போதும்."

"திருப்பிக் குடுத்தா வாங்கமாட்டான் சார்."

"உன் மச்சினனுக்குக் குடு. பனியில பால் வண்டி ஓட்றான் இல்ல?"

இப்படியே மிளகாய்த்தூள், புளி, சாம்பார் பொடி, கடுகு, சீரகம், பருப்பில் பாதி எல்லாம் போகட்டும் ஆயின. அரிசி, எண்ணெய், சர்க்கரை, சோப்பு, துண்டு எல்லாம் அங்கே. ஊறுகாய் பாட்டிலை மட்டும் அவர் யாரையும் நம்பி விடமாட்டார். கப்பலில் போகும் ஸ்பேர் பார்ட்டைச் சுற்றுகிற பிளாஸ்டிக் ஃபிலிமை எடுத்து, மூடியிலிருந்து அடிவரை எட்டுச் சுற்று சுற்றி, கவிழ்த்து ஐந்து நிமிடம் பழுப்புத் தாளின் மேல் நிறுத்திவைப்பார். தாளில் எண்ணெய்ப் பொட்டு விழவில்லை என்றால்தான் பெட்டிக்குள் போகும்.

என் பெட்டியில் ஒரு பச்சை பிளாஸ்டிக் மக் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டியதும் செக்ஷனே சிரித்தது. எனக்குக் காது சுட்டது. ரங்கப்பா சார் மட்டும் சிரிக்கவில்லை.

"சிரிக்காதீங்கப்பா. அந்த ஊரு கக்கூஸ்ல தாளுதான் தொங்கும். மக் இல்லாம போனவன் ரெண்டாம் நாளே எனக்குப் போன் போட்டு அழுதிருக்கான். போகட்டும். ஆனா காலியா வைக்காத. மருந்தையும் டாக்டர் சீட்டையும் அதுக்குள்ள வை."

என்னிடம் இருந்த அலுமினிய குக்கரையும் அவர் போகட்டும் என்றார். அவர் செய்து நான் பார்த்த ஒரே தப்பு அதுதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மேசைக்கு வராத பொருள் ஒன்று இருந்தது. அதற்கு எட்டு மாதங்களுக்கு முன்பிருந்தே எனக்குக் கிட்டத்து எழுத்து மங்கிவிட்டது. லீவர் டயல் என்று ஒரு அளவுக் கருவி உண்டு, ஒரு ரூபாய்க் காசை விடச் சற்றுப் பெரிய முகம். அதில் ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இரண்டு மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரை ஐந்நூறாகப் பிரித்ததில் ஒரு பங்கு. என் பிழைப்பே அந்தக் கோடுகளை எண்ணுவதில்தான் இருந்தது. யாருக்கும் தெரியாமல் பாகலூர் ரோட்டில் ஒரு கடையில் கண் பார்த்து இரண்டு கண்ணாடி வாங்கினேன். யாருக்கும் தெரியாமல் என்றதற்குக் காரணம், எங்கள் பிரிவில் ஒரு மூத்த ஃபிட்டரைக் கண் பார்வை சரியில்லை என்று ஸ்டோருக்கு மாற்றிவிட்டதாகப் பேச்சு இருந்தது. ஸ்டோருக்குப் போனால் வெளிநாட்டு வேலை இல்லை. என் மகள் அப்போதுதான் நர்சிங் சேர்ந்திருந்தாள்.

எல்லோர் முன்னாலும் இரண்டு கண்ணாடி வெளியே வந்தால் கதை முடிந்தது. ஒன்றை வீட்டிலேயே வைத்துவிட்டு, மற்றொன்றைப் பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு பெட்டி திறப்புக்குப் போனேன். என் மனைவி சரசு அன்று காலையே சொன்னாள்.

"ரெண்டு வாங்கி ஒண்ண பீரோவுல வெச்சுட்டுப் போறீங்களே, பீரோவா படிக்கப் போவுது?"

நான் பீரோவைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன்.

போலந்தில் எங்களுக்குக் கொடுத்தது ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே இருந்த சின்ன வீடு. அடுப்பு கறுப்புக் கண்ணாடிபோல வழவழவென்று இருந்தது. இண்டக்ஷன். முதல் நாள் சாயங்காலம் குக்கரில் பருப்பை வைத்தோம். அடுப்பு மூன்று முறை கத்திவிட்டு அணைந்துபோனது. பாஷா ஃபியூஸ் பார்த்தார், பிளக் பார்த்தார், அடுப்பையே கழற்றுகிறேன் என்று கிளம்பினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பாய், இது காந்தத்துல சூடாவுற அடுப்பு. அலுமினியத்துல காந்தம் புடிக்குமா?"

பாஷா குக்கரைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார்.

"பொழுது விடிஞ்சா மேக்னட் ஸ்டாண்ட ஒட்டி ஒட்டித்தான் வேலை பாக்கற. ஒனக்கு இது ஓசூர்ல தோணல?"

"நீதான எலக்ட்ரீஷியன்?"

அன்று ரொட்டியும் ஊறுகாயும் சாப்பிட்டோம். மறுநாள் வேலை முடிந்ததும், டயல் மாட்டும் காந்த ஸ்டாண்டைப் பையில் போட்டுக்கொண்டு பாத்திரக் கடைக்குப் போனோம். ஒவ்வொரு பாத்திரத்தையும் கவிழ்த்து அடியில் காந்தத்தை ஒட்டிப் பார்த்தோம். ஒன்றரைக் கிலோ காந்தம், ஒட்டினால் டங்கென்று சத்தம் வரும். கடைச் சிப்பந்தி ஒருவர் எங்கள் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். விலை குறைந்த ஒரு இரும்புப் பாத்திரம் நன்றாகப் பிடித்தது. அது எங்களை இரண்டரை மாதம் காப்பாற்றியது. ஆகையால் பெட்டி கட்டுகிறவர்கள் குக்கரின் அடியில் காந்தம் வைத்துப் பாருங்கள். பிடித்தால் எடுத்துப் போங்கள்.

அரிசி கடையில் கிடைத்தது. ஆனால் நூறு நூறு கிராமாக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பைகளில் அடைத்திருந்தார்கள். பையோடு வெந்நீரில் போட்டுக் கொதிக்கவிடுவது அவர்கள் வழக்கம். பாஷா ஒரு பையைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது ஒரு ஆளுக்கு ஒரு வேளையாம் மாது. ஒங்க ஊத்தங்கரை ஆளுக்குப் போதுமா?" என்றார். எட்டுப் பைகளைக் கத்தரித்துக் கொட்டி ஒரு வேளை சமைத்தோம். உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, முட்டை, ஆப்பிள் எல்லாம் மலிவு. மோர் போலவே புளித்த ஒரு பால் பாட்டிலில் கிடைக்கும். தாளித்துக் கொட்டினால் நம் வீட்டு மோர்தான்.

கோட்டு விஷயத்தில் ரங்கப்பா சார் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. அங்கே பழைய துணிக் கடைகள் உண்டு, நல்ல துணியை எடை போட்டு விற்பார்கள். திங்கட்கிழமை புதுச் சரக்கு வரும், அன்றைக்குக் கிலோ விலை அதிகம். ஒவ்வொரு நாளும் விலை இறங்கி, சனிக்கிழமை அடிமாட்டு விலைக்கு வந்துவிடும். ஜவுளிக்காரர் வீட்டுப் பிள்ளையான பாஷாவுக்கு அந்தக் கடையைக் கண்டதும் கண்ணில் நீரே வந்துவிட்டது.

"கோட்டு கிலோ கணக்குலடா மாது! எங்க வாப்பா பாத்தா இங்கியே குடியேறிடுவாரு."

திங்கட்கிழமை தேர்ந்தெடுத்த கோட்டை, வேறு யாரும் எடுத்துவிடாதபடி பெண்கள் பாவாடைகளுக்குப் பின்னால் தள்ளி வைப்பார். சனிக்கிழமை வந்து எடுப்பார். இரண்டு தடவை பலித்தது. மூன்றாவது தடவை அந்தக் கோட்டைக் கடைக்காரம்மாவே போட்டுக்கொண்டு நின்றார்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன். மெஷின் நிறுத்தியாகிவிட்டது. கடைசி அளவுகள் மட்டும் பாக்கி. பதினெட்டு அளவுகளை எடுத்துத் தாளில் எழுத வேண்டும். வாடிக்கையாளரின் இன்ஜினியர் வெள்ளிக்கிழமை மத்தியானம் அதைப் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். அவர் ஒரு பெண்மணி, ஐம்பது வயது இருக்கும். கழுத்தில் சங்கிலி போட்டுக் கண்ணாடியைத் தொங்கவிட்டிருப்பார். அந்தத் தொழிற்சாலையில் பாதிப் பேர் கண்ணாடியோடுதான் இருந்தார்கள். யாரும் ஒளித்ததாகத் தெரியவில்லை. நான்தான் பாஷா முதுகைத் திருப்பும்போது மட்டும் போடுவதும், திரும்பினால் சட்டைப் பையில் செருகுவதுமாக இருந்தேன்.

அப்படிச் செருகியபடியே மெஷினின் காலில் இருக்கும் போல்ட்டை இறுக்கக் குனிந்தேன். மார்பு மெஷின் விளிம்பில் அழுந்தியது. பையில் கடக் என்று சத்தம்.

"என்னா சத்தம் மாது?"

"போல்ட்டு பாய்."

ஒரு பக்க வில்லை இரண்டாகப் பிளந்து, மறுபக்க வில்லை சட்டத்திலிருந்து கழன்று தூளாகியிருந்தது. டயலைத் தூரத்தில் பிடித்துப் பார்த்தேன், கோடுகள் ஒரே சாம்பல் திட்டு. கிட்டப் பிடித்தால் முள் மட்டும் தெரிந்தது. வெளிச்சத்தை மாற்றினேன். போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், டயலின் கண்ணாடி முகத்தில் விளக்கு வெளிச்சம் அடித்தது.

அன்று மாலைக்குள் பதினெட்டு அளவுகளையும் எழுதினேன். ஐந்தாறு மட்டும் உண்மை. மற்றவை, இந்த மாதிரி மெஷினில் வழக்கமாக என்ன வருமோ அந்த எண்கள். எல்லாம் நம்பும்படி இருந்தன. ஒன்றிரண்டைச் சற்று மோசமாகக்கூட எழுதினேன், சந்தேகம் வரக்கூடாது என்று. இருபது வருட வேலையில் அதற்கு முன் அப்படி ஒரு எண்ணைக்கூட எழுதியதில்லை. அந்தத் தாளை நான் மடித்த விதம் எனக்கே பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் இன்ஜினியரம்மா வந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேனாவைத் திறந்தார். என்னைப் பார்த்துச் சிரித்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "உங்கள் அளவை நான் நம்புகிறேன், எங்கே கையெழுத்து?" என்றார். அவர் திரும்ப அளந்து பார்ப்பார் என்று நினைத்திருந்தேன். அளந்திருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருக்க மாட்டேன்.

"பாய்" என்றேன். "அந்தத் தாள்ல இருக்கறதெல்லாம் பொய்."

தமிழில்தான் சொன்னேன். பாஷா என்னை ஒரு முறை பார்த்தார். எழுந்து போய், அந்தம்மாவின் கைக்குக் கீழிருந்து தாளை மெல்ல உருவி, நாலாக மடித்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். "மேடம், சாரி, ஒன் டே மோர்" என்றார். அந்தம்மா பேனாவை மூடினார்.

பிறகு பாஷா என்னைப் பெட்டிகள் அடுக்கிய மூலைக்கு இழுத்துப் போனார். உடைந்த கண்ணாடியை எடுத்துக் காட்டினேன்.

"நெனச்சேன். ஒரு வாரமா உப்பு டப்பாவ கைய நீட்டிப் புடிச்சுப் பாக்கறியே, மணியாட்ற பூசாரி மாதிரி. ரங்கப்பாக்கு நீ பேசறியா, நான் பேசவா?"

நானே பேசினேன். எண்ணை அழுத்தக்கூட பாஷாதான் உதவினார். ஓசூரில் அப்போது சாயங்காலம், பின்னால் ஷிஃப்ட் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. நான் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். மூன்று கேள்விகள் வந்தன.

"கையெழுத்து ஆயிடுச்சா?"

"இல்ல சார்."

"எப்பலேர்ந்து தெரியல?"

"பத்து மாசமா சார்."

"ஏன் சொல்லல?"

"ஸ்டோர்ல போட்டுடுவீங்கன்னு சார். முன்ன ஒருத்தர..."

மூக்கின் மேல் விரல் இருப்பது போனிலேயே எனக்குத் தெரிந்தது.

"அவன ஸ்டோர்ல போட்டது கண்ணு தெரியலன்னு இல்லப்பா. தெரியலன்னு சொல்லாம ஒரு மெஷினோட ஸ்பிண்டில ஒடச்சான், அதுக்கு. நீ எதையும் ஒடைக்கல. பொய் எழுதன, அதுக்கு இங்க வந்ததும் வெச்சுக்கறேன். இப்பக் கடைக்குப் போ. மருந்துக் கடையில சோப்பு பக்கத்துல ரெடிமேட் கண்ணாடி தொங்கும். நானே அங்கதான் வாங்குவேன்."

அது எனக்குப் புதுச் செய்தி. அவர் கண்ணாடி போட்டு நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

மருந்துக் கடையில் ஒரு சுழலும் கம்பியில், சாவிக் கொத்து மாதிரி கண்ணாடிகள் தொங்கிக்கொண்டிருந்தன. நான் டயலையே கையில் கொண்டு போயிருந்தேன். ஒவ்வொரு நம்பராகப் போட்டு டயலைப் பார்த்தேன். மூன்றாவது கண்ணாடியில் கோடுகள் கறுப்பாக, தனித்தனியாக எழுந்து நின்றன. இரண்டு பேரின் மத்தியானச் சாப்பாட்டை விட விலை குறைவு.

பாஷா பேரம் பேசலாமா என்று பார்த்தார். கல்லாவில் இருந்த பெண் விலைச் சீட்டைத் தட்டிக் காட்டினார். சும்மா நிற்பானேன் என்று பாஷாவும் ஒரு கண்ணாடியை எடுத்து மூக்கில் மாட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். அப்படியே நின்றுவிட்டார்.

"அடப்பாவி! ஒன் மூஞ்சியில இவ்ளோ குழி இருக்கா?"

பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு ஒயர்த் துண்டை எடுத்து அதில் அச்சடித்திருந்த நம்பரைப் படித்தார். திருப்பி மறுபடி படித்தார்.

"மாது, இத நான் எட்டுன்னு நெனச்சிருந்தேன்."

"எத்தன ஒயரு பாய்?"

"பேசாம நட. அதையும் நாளைக்குப் பாத்துருவோம்."

நான் இரண்டு கண்ணாடி வாங்கினேன், அவர் மூன்று.

ஊர் திரும்பியதும் ரங்கப்பா சார் சொன்னபடியே வைத்துக்கொண்டார். ஆறு மாதம் எனக்கு வெளிநாடு கிடையாது. கண் டாக்டர் சீட்டு கொண்டுவந்து, பெட்டியில் வைக்க வேண்டியவற்றின் பட்டியலைப் பெரிய எழுத்தில் எழுதி டிஸ்பேட்ச் சுவரில் ஒட்ட வேண்டும் என்றார். "கண்ணாடி இரண்டு" என்பதை நானே முதல் வரியாக எழுதினேன். அதற்குப் பிறகும் பல வருடங்கள் போய் வந்தேன். குழுவில் கேட்கிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். அங்கே கோட்டு மலிவு, உருளைக்கிழங்கு மலிவு, படிக்கிற கண்ணாடியும் மலிவு. டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்த நம்பர் என்றால் அது அங்கே விலையும் அதிகம், நாளும் அதிகம் பிடிக்கும். அதை இங்கேயே இரண்டாக வாங்கி, மேசையின் மேல் எல்லோர் முன்னாலும் வையுங்கள்.

போலந்தில், கண்ணாடி வாங்கிய மறுநாள் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஆரம்பித்தோம். நான் டயலைப் படித்தேன், பாஷா எழுதினார். பதினெட்டில் இரண்டு அளவுகள் எல்லைக்கு வெளியே இருந்தன. கால் போல்ட்டைத் தளர்த்தி, மட்டம் வைத்து, மறுபடி இறுக்கினோம். பாஷா இரண்டு ஒயர்களை மாற்றி மாட்டினார். நாலு மணிக்கு இன்ஜினியரம்மா வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.